தாத்தாவின் .315 ரைபிளை மறுபடி சுடும் நிலைக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: தாத்தா 1960-களில் வாங்கிய .315 ரைபிள். அவர் காலமானபின் 14 வருடம் துப்பாக்கிக் கடையில் டெபாசிட்டில் கிடந்தது. இப்போது லைசென்ஸ் பேரன் பெயருக்கு வந்து, ரைபிள் வீட்டுக்கு வந்துவிட்டது. போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை அடைக்கும், கைப்பிடி வைத்த பாகம்) இறுகியிருக்கிறது, குழலுக்குள் துரு, ரைபிளின் மரக்கட்டையில் ஒரு விரிசல். வீட்டு டிரங்குப் பெட்டியில் அதன் தோல் உறையும் 18 பழைய தோட்டாக்களும் கிடைத்திருக்கின்றன. வீடியோ பார்த்து வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாமா?

பாதி வேலையை நீங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும். மறுபாதியில் கை வைக்கவே கூடாது. எது எந்தப் பாதி என்று விளக்கமாகச் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வகை ரைபிளோடு பழகியவன் நான். வயதாகிச் செத்த ரைபிளைவிட, கைக்கு வந்த முதல் வாரத்தில் வாரிசின் ஆர்வத்தால் செத்த ரைபிளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய், துணி எதையும் எடுப்பதற்கு முன் ஒரு வேலை. தோட்டாக்கள் இருக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றுங்கள். குழலின் வாயை ஆள் இல்லாத பக்கம், மண்சுவரோ மணல்மூட்டையோ இருக்கும் திசையில் வைத்துக்கொண்டு போல்ட்டை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். கண்ணால் பார்த்தது போதாது. சுண்டுவிரலை சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) விட்டுத் தடவிப் பாருங்கள். காலியான சேம்பரில் விரல் நுனி உள்ளே போகும். தோட்டா இருந்தால் வழவழப்பான பித்தளை தட்டுப்படும். கடையில் கொடுக்கும்போது சோதித்திருப்பார்கள் என்று நம்பவேண்டாம். இறுகியது என்று நீங்கள் சொல்வது, சிரமப்பட்டாவது நகர்கிறது என்ற அர்த்தத்தில் இருந்தால் மேலே படியுங்கள். போல்ட் திறக்கவே இல்லை என்றால் உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் தட்டவேண்டாம், தூக்கிச் சூடுகாட்ட வேண்டாம். அதே நிலையில், நிலைமையைச் சொல்லி, உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒப்படைத்துவிடுங்கள்.

அடுத்தது எண். ரைபிளின் உடம்பில், போல்ட் கைப்பிடியின் பின்பக்கம், குழலின் அடியில் என்று பல இடங்களில் குத்தப்பட்ட எண்களும் முத்திரைகளும் இருக்கும். ஒவ்வொன்றையும் சாய்வான வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். தாத்தா காலத்துப் புத்தகத்திலிருந்து கைப்படப் பெயர்த்து எழுதியபோது 3 என்பது 8 ஆகியிருக்கலாம். அதை இப்போதே கலெக்டர் அலுவலகத்தில் (கமிஷனரேட் இருக்கும் நகரமென்றால் கமிஷனர் அலுவலகத்தில்) திருத்திக்கொள்ளுங்கள். துரு எடுத்தபின் போய் நின்றால் கேள்வி வேறுமாதிரி வரும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்பாவின் ரைபிள் என் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீடு, மழைக்கால ஈரம், மேலெல்லாம் செம்மண் நிறத்தில் துரு. ஹார்டுவேர் கடையில் 120 நம்பர் உப்புத்தாள் வாங்கிவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். சாயங்காலம் வெள்ளிபோலப் பளபளத்தது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் நிழலாகிவிட்டிருந்தது. அடுத்த புதுப்பித்தலில் சோதித்த அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ரைபிளைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். ஆயுதங்களைச் சோதிக்கும் ஆர்மரரின் அறிக்கை வந்து அது என் கைக்குத் திரும்ப ஏழு மாதம் ஆயிற்று. அவர்மேல் தவறில்லை. ஆயுதச் சட்டம் 1959-ன் 8-வது பிரிவு, துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் குற்றம் என்கிறது. துருவுக்குத் தேய்த்தேனா, எண்ணுக்குத் தேய்த்தேனா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

சட்டத்தைத் தொட்டுவிட்டதால் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். அதே சட்டத்தின் 5-வது பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் சோதித்துத் தருவதும் லைசென்ஸ் வாங்கிச் செய்யவேண்டிய தொழில். ஊர் லேத் பட்டறையில், தெரிந்த வெல்டரிடம் கொடுத்தால் அவரையும் சிக்கலில் மாட்டிவிடுகிறீர்கள். உங்கள் சொந்த ரைபிளைத் துடைத்து எண்ணெய் போடுவது பராமரிப்பு, அதற்குத் தடையில்லை. இரண்டாவது, 'ஓடாத துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதற்கு' என்று நினைத்துப் பரணில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். 45-வது பிரிவு விலக்குத் தருவது, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத ஆயுதத்துக்கு மட்டும். ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அது முழு துப்பாக்கிதான். மூன்றாவது, உரிமையாளர் இறந்தால் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும் (21-வது பிரிவு). பிறகு வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் தடையில்லாக் கடிதம் எல்லாம் வைத்து விண்ணப்பிக்கலாம். 2016 ஆயுத விதிகளில் இன்னொரு வசதியும் உண்டு. உரிமையாளர் 70 வயதை எட்டியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றித்தரச் சொல்லலாம். வீட்டில் பெரியவர் இருக்கிறார் என்றால் இதை இப்போதே செய்யுங்கள். உங்களுக்குப் போன 14 வருடம் அவர்களுக்குப் போகவேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரைச் சொத்துக்கும் அதே கணக்கு.

இனி ரைபிள். உங்கள் கையில் இருப்பது என்னவென்று தெரிந்தால் அதை எப்படி நடத்தவேண்டும் என்பதும் புரியும். .315 என்பது இந்தியாவுக்கென்றே பிறந்த அளவு என்று சொல்லலாம். பட்டாளத்தின் தோட்டா .303. அது சிவிலியன் கையில் புழங்கக் கூடாது என்பது வெள்ளைக்கார அரசின் கொள்கை. பட்டாளத்திலிருந்து திருடின தோட்டா வெளியே எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தக் கூடாது என்ற பயம். ஆகவே ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை எடுத்து, தங்கள் பட்டாளத்து ரைபிளான லீ-என்ஃபீல்டின் அமைப்புக்குள் வைத்து, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. போன்ற கம்பெனிகள் வேட்டை ரைபிளாக அனுப்பின. சுதந்திரத்துக்குப் பின் அதே வேலையை மேற்கு வங்கத்து இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரி தொடர்ந்தது. குழலில் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் ஒரு வருடமும் இருந்தால் இஷாப்பூர். கிரீடம் வைத்த சின்ன முத்திரைகள் இருந்தால் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸில் அழுத்தச் சோதனை முடித்து வந்தது.

இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்புதான் சேம்பரில் அதை நிறுத்துகிறது. 8 மில்லிமீட்டர் என்ற பெயரைக் கேட்டுவிட்டு 8 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவும் இதுவும் ஒன்றென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வேறு வடிவம், அழுத்தம் மிக அதிகம். இரண்டு, லீ-என்ஃபீல்டு போல்ட்டின் தலை தனிப் பாகம், மரையில் திருகி நிற்பது. அந்த போல்ட் இந்த ரைபிளுக்கென்றே பொருத்திப் பார்த்துத் தரப்பட்டது. ஆகவே போல்ட்டில் இருக்கும் எண்ணும் உடம்பில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால், நடுவில் எப்போதோ யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ரைபிளை கன்ஸ்மித் அளந்து பார்க்கும்வரை ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.

போல்ட் ஏன் இறுகியது? உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் அன்போடு போட்ட எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், சிலர் ஆமணக்கு. சமையல் எண்ணெய் காற்றில் பட்டுப் பிசினாகும். வீட்டில் ஜன்னல் கீலில் நல்லெண்ணெய் விட்டுப் பத்து வருடம் கழித்துப் பார்த்தால் தெரியும், பழுப்பு அரக்குப் போல இறுகியிருக்கும். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது, ஆனால் சிக்கு வாடை வரும்போது அதில் அமிலம் கூடி உலோகத்தை அரிக்கும். இதைக் கரைக்க மண்ணெண்ணெய் போதும். கிடைக்காத ஊரில் டர்பன்டைன். போல்ட்டைக் கழற்றி ஒரு தட்டில் வைத்து மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் தேன் நிறத்தில் கழன்று வரும். மண்ணெண்ணெயை அப்படியே விட்டுவிடாமல் நன்றாகத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். தையல் மிஷின் எண்ணெய் கனிம எண்ணெய், பிசினாகாது. இருபது முப்பது ரூபாய் சமாச்சாரம், விலை உயர்ந்த வெளிநாட்டுக் குப்பியை நான் வாங்கியதே இல்லை. போல்ட்டை இதற்குமேல் பிரிக்கவேண்டாம். உள்ளே ஃபயரிங் பின்னும் அதன் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. அதற்கென்று தனிச் சாவி உண்டு, பிளையரால் திருகினால் கெட்டுவிடும்.

குழல்தான் இந்த ரைபிளின் உயிர், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் கேப்பில் (அடியில் இருக்கும், அடிபட்டதும் தீப்பொறி தரும் சின்ன மூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். சாப்பாட்டு உப்பின் நெருங்கிய உறவு அது, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தாத்தா சுட்ட மறுநாளே எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கலாம். ஆனால் உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உட்கார்ந்து இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். உப்பு கரைவது தண்ணீரில். அதனால்தான் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சுட்டு முடிந்ததும் புனலை வைத்துக் கொதிக்கும் தண்ணீரைக் குழலில் ஊற்றுவார்கள்.

நீங்களும் ஒருமுறை அதைச் செய்யுங்கள். போல்ட்டைக் கழற்றிய ரைபிளை வாய் கீழே இருக்கும்படி பக்கெட்டில் சாய்த்துப் பிடித்து, ரப்பர் குழாய் மாட்டிய புனலைச் சேம்பருக்குள் நுழைத்து, நன்றாகக் கொதித்த தண்ணீர் இரண்டு மூன்று லிட்டர் ஊற்றுங்கள். கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ரப்பர் குழாய் அதற்குத்தான். வெளியே வரும் தண்ணீர் முதலில் டீ டிக்காஷன் நிறத்தில் வரும், பிறகு தெளியும். குழல் தொட முடியாத அளவு சூடாகியிருக்கும். அந்தச் சூட்டிலேயே ஈரம் ஆவியாகிவிடும். ஆறுவதற்குள் உலர்ந்த துணி இரண்டு தடவை, எண்ணெய்த் துணி ஒரு தடவை.

துணியை எப்படி இழுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குப் புல்-த்ரூவும் (ஒரு முனையில் எடை கட்டிய, குழல் துடைக்கும் கயிறு) அதில் மாட்டும் துண்டுத் துணியும் தெரிந்திருக்கும். கயிற்றின் எடைக்குண்டைச் சேம்பர் வழியாகப் போட்டு வாய் வழியாக இழுக்கவேண்டும், எப்போதும் தோட்டா போகும் திசையில். கயிறு வாயின் விளிம்பில் உரசாமல் நேராக வரட்டும். நாற்பது வருடம் சாய்த்து இழுத்த கயிறு இரும்பையே அறுக்கும். குழல் வாயில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்த ரைபிள்களைப் பார்த்திருக்கிறேன், அவை என்ன செய்தாலும் குறி சேராது. துரு கெட்டியாக இருந்தால் பாஸ்பர் பிரான்ஸ் பிரஷ்ஷை எண்ணெயில் நனைத்து, சேம்பர் பக்கமிருந்து கம்பியில் மாட்டி ஓட்டுங்கள். இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டவே வேண்டாம். பிரஷ் பாதிவழியில் இருக்கும்போது திசை மாற்றாமல் முழுதாக வெளியே தள்ளிவிட்டு அப்புறம் இழுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்து மறுபடி ஓட்டினால், முதல் நாள் வராதது மூன்றாம் நாள் தானாக வரும்.

பிறகு உள்ளே பாருங்கள். செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் கண்தான் கூசும். கட்டைவிரல் நகத்தை சேம்பர் பக்கம் சாய்த்து வைத்து, நகத்தில் வெயில் பட்டு உள்ளே திரும்பும்படி செய்து, வாய்ப்பக்கமிருந்து பாருங்கள். அந்த மெல்லிய வெளிச்சத்தில் ரைஃப்லிங் வரிகள் (குண்டைச் சுழலவைக்கும் பள்ளங்கள்) சுழன்று போவது முழுக்கத் தெரியும். வரிகளின் ஓரம் கூர்மையாக இருந்து, பள்ளங்களில் மட்டும் கரும்புள்ளிகள் இருந்தால் கவலையில்லை. என் ரைபிளின் குழலும் அப்படித்தான், இன்றைக்கும் 50 மீட்டரில் உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் போடுகிறது. பயப்பட வேண்டியது ஒரே இடத்தில் மோதிரம் போல ஒரு நிழல் வளையம் தெரிந்தால். எப்போதோ அடைப்போடு சுட்டு, குழல் அந்த இடத்தில் வீங்கியிருக்கிறது. வெளியே விரலால் தடவினால் மெல்லிய மேடு தட்டுப்படும். அந்தக் குழலின் வேலை முடிந்துவிட்டது, அதை யாராலும் சரிசெய்ய முடியாது.

அடைப்பு என்றதும் சொல்லவேண்டும். நம் ஊரில் முதல் எதிரி குளவி. திறந்த குழல் கிடைத்தால் மண்கூடு கட்டிவிடும். இரண்டாவது, துரு பிடிக்காமல் இருக்க வாயில் கிரீஸ் துணி அடைத்து வைக்கும் பழக்கம். அந்தத் துணி ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்து அந்த இடத்தில் வட்டமாகத் துரு ஏற்றும். அடைத்தவர் போனபின் அது உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. சுடும்போது துணி என்ன, களிமண் என்ன, குழலுக்கு இரண்டும் ஒன்றுதான். வெடித்துப் பிளக்கும்.

வெளிப்புறத் துருவுக்கு வருகிறேன். உப்புத்தாள், எமரி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், புளி, எலுமிச்சம்பழம் எதுவும் வேண்டாம். விரலில் ஒட்டும் செந்நிறத் துரு மட்டுமே எதிரி. பழுப்பும் கருப்புமாக வழவழவென்று இருக்கும் பழைய நிறம் இரும்புக்குக் காவல், அதை விட்டுவிடுங்கள். எண்ணெய் தடவி ஒருநாள் ஊறவைத்து, பழைய செம்புக் காலணாவின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு இரும்பைவிட மென்மை, துருவை மட்டும் பெயர்த்தெடுக்கும், கீறல் விழாது. மிச்சத்துக்கு நாலு சைபர் (0000) என்ற மிக மெல்லிய ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்து லேசாக. எண் குத்திய இடத்துக்குப் பக்கத்தில் துணியும் எண்ணெயும் மட்டும். முழு ரைபிளுக்கும் புதுசாகக் கறுப்பு ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கறுப்பு ஏற்றுவதற்கு முன் மெருகிடுவார்கள், மெருகிடும்போது எழுத்தின் விளிம்பெல்லாம் மழுங்கும். தாத்தா கை வைத்துத் தூக்கிய இடத்தில் நிறம் தேய்ந்திருக்கும் பாருங்கள், அது அப்படியே இருக்கட்டும்.

கட்டை: இந்த வகையில் மரம் இரண்டு துண்டு. பின்கட்டை ஒரு நீளமான திருகு போல்ட்டில் (தோட்டாவைத் தள்ளும் போல்ட் அல்ல) உடம்போடு இறுக்கப்பட்டிருக்கும், முன்கட்டை தனி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. லீ-என்ஃபீல்டு அமைப்பு பலவற்றில் அந்த நீள போல்ட்டின் சதுர முனை, முன்கட்டையின் பின்புறத்தில் இருக்கும் ஒரு தகட்டுக்குள் கவ்வி நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையைத் திருகினால், முனை சுழன்று முன்கட்டையைப் பின்பக்கத்தில் பிளந்துவிடும். உங்கள் ரைபிளில் இருக்கும் விரிசல் அங்கேதான் என்றால், யாரோ ஏற்கெனவே இந்தத் தவறைச் செய்திருக்கிறார்கள். விரிசல் இரும்பு உடம்பைத் தாங்கும் இடத்திலோ, கை பிடிக்கும் ஒல்லியான இடத்திலோ இருந்தால் கன்ஸ்மித்திடம் விடுங்கள். உள்ளே பித்தளைக் கம்பி நுழைத்து எபாக்சியால் ஒட்டுவார். ஃபெவிகால் தாங்காது, ஒவ்வோர் உதையும் அந்த இடத்தில்தான் இறங்கும்.

சின்னச் சின்ன அமுங்கல்களை நீங்களே எடுக்கலாம். ஈரத்துணியை மடித்து அமுங்கின இடத்தில் வைத்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியின் மூக்கை ஒரு நொடி வைத்து எடுங்கள். ஆவி உள்ளே போய் மரநாரை உப்பவைக்கும். நாலைந்து தடவையில் பள்ளம் மேலே வந்துவிடும், முதல்முறை பார்க்கும்போது அதிசயமாக இருக்கும். காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உள்ளங்கையில் எடுத்து, கை சூடேறும்வரை தேயுங்கள். ஒரு கோட் போட்டால் இரண்டு நாள் விடவேண்டும். வார்னிஷ் வேண்டாம். எண்ணெயில் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

இதோடு உங்கள் பாதி முடிந்தது. ட்ரிகரை லேசாக்குவது, ஸ்பிரிங்கை வெட்டுவது, போல்ட் தலையை மாற்றிப் பார்ப்பது, கிடைத்த மெட்ரிக் ஸ்குரூவைப் போட்டு இறுக்குவது எல்லாம் மறுபாதி. என்ஃபீல்டு மரை அதற்கென்றே தனி. கடை ஸ்குரூ பாதி இறங்கி, இருக்கும் மரையையும் தின்றுவிடும். கன்ஸ்மித்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடைவெளி சரியா? சேஃப்டியும் ட்ரிகரும் பிடிக்கிறதா, குண்டு இல்லாமல் காக் செய்து (சுடத் தயார் நிலையில் வைத்து) கட்டையைத் தட்டினால் தானே விழாமல் நிற்கிறதா? ஃபயரிங் பின் அளவும் ஸ்பிரிங் வேகமும் போதுமா? முதல் கேள்விக்குக் கேஜ் என்ற அளவுக் கட்டையைப் போட்டுப் பார்க்காமல் 'நல்லாத்தான் இருக்கு சார்' என்று பதில் வந்தால் வேறு ஆளிடம் போங்கள். அந்த இடைவெளி கூடினால் சுடும்போது தோட்டா உறை அடியோடு அறுந்து, சூடான வாயு பின்னால், உங்கள் முகத்துக்கு வரும். வேறு மாவட்டம், வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போவதானால் உங்கள் லைசென்ஸ் எந்த எல்லைவரை செல்லும் என்று முதலில் பாருங்கள். கடையில் பதிவேட்டில் எழுதி, எண் போட்ட ரசீது வாங்காமல் ரைபிளை விட்டுவராதீர்கள்.

அந்த 18 தோட்டாக்கள். சுடவேண்டாம். பச்சை பூத்திருந்தால் சுடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பளபளவென்று இருந்தாலும் கழுத்தில் மயிரிழை போல நெடுக்காக வெடிப்பு இருக்கலாம். இதற்கு நம் மண்ணிலேயே பழைய வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் பட்டாளம், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாக வெடிப்பு விடுவதைக் கண்டது. பருவம் தப்பாமல் வந்ததால் அதற்குப் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல்தான் நிரூபணமாயிற்று. மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்து அறையில் இருந்த டிரங்குப் பெட்டி என்றால் உங்கள் தோட்டாக்களுக்கும் அதே கதைதான். அவற்றைக் கிணற்றில் போடாதீர்கள், புதைக்காதீர்கள், பிரிக்காதீர்கள். லைசென்ஸ் கடையிலோ காவல் நிலையத்திலோ எழுத்தில் ஒப்படையுங்கள். நினைவுக்கு ஒன்று வேண்டுமென்றால் சுட்ட வெற்று உறையை வைத்துக்கொள்ளலாம்.

புதிய தோட்டா வாங்கியபின் முதல் குண்டு தோளில் வைத்துச் சுடுவதற்கல்ல. ரேஞ்சில், கன்ஸ்மித் இருக்கும்போது, ரைபிளைப் பழைய டயரில் கட்டிவைத்து, தடுப்புக்குப் பின்னால் நின்று கயிற்றால் ட்ரிகரை இழுக்கவேண்டும். ட்ரிகர் விழுந்து சத்தம் வரவில்லையென்றால் அவசரப்பட்டுப் போல்ட்டைத் திறக்காதீர்கள். முழுதாக ஒரு நிமிடம் காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் கேப் உண்டு. சுட்ட உறையை எடுத்து விரலில் உருட்டிப் பாருங்கள். அடியிலிருந்து அரை விரல்கடை மேலே பளிச்சென்று ஒரு வளையக் கோடு இருந்தால் உறை அந்த இடத்தில் அறுந்துபோகத் தயாராகிவிட்டது, இடைவெளி அதிகம். கேப்பைச் சுற்றிக் கரி இருந்தால் வாயு கசிகிறது. இரண்டும் இல்லாமல், உறை முழுக்க ஒரே சீராக இருந்து, மூன்று குண்டு இப்படியே போனால், நாலாவதை நீங்கள் சுடலாம். கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

எதற்குச் சுடுவது என்பதும் ஒரு கேள்விதான். தாத்தா காலத்தில் அது வேட்டை ரைபிள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தக் காலம் முடிந்துவிட்டது. தோட்டத்தில் பன்றி இறங்கினாலும் அது வனத்துறைக்குச் சொல்லவேண்டிய விஷயம். முடிந்தது நல்லதென்றே நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த ஆனைமலை அடிவாரத்தில் இன்று கடமான் ரோட்டோரம் நின்று பார்க்கிறது என்றால் அந்தச் சட்டத்தால்தான். டிரங்குப் பெட்டியில் கொம்போ தோலோ சேர்ந்து கிடைத்திருந்தால், அதற்குத் தனியாக உரிமைச் சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டு அப்புறம் மற்றது. ரைபிளுக்கு இடம் ரைபிள் கிளப்பின் ரேஞ்ச். உறுப்பினராகச் சேரும்போதே .315 சுடும் வசதி அங்கே உண்டா என்று கேளுங்கள். பல கிளப்புகளில் ஏர் ரைபிளும் .22-வும் மட்டும்தான்.

கடைசியாகத் தோல் உறை. அழகாகத்தான் இருக்கும். அதில் ரைபிளை வைக்காதீர்கள். தோலைப் பதப்படுத்தின உப்பும் அமிலமும் அதிலேயே இருக்கும், தோல் ஈரத்தையும் குடிக்கும். உங்கள் ரைபிளில் ஒரு பக்கம் மட்டும் துரு அதிகமாக இருந்தால் அது உறையில் படுத்திருந்த பக்கம். உறையைத் தனியாக மாட்டி வையுங்கள். ரைபிள், இரும்பு அலமாரியில், வாய் கீழே பார்க்க நிற்கட்டும். அப்போது எண்ணெய் வழிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தை மெத்தென்று ஆக்காது. போல்ட் தனியாக வேறு பூட்டில், தோட்டா மூன்றாவது இடத்தில். மாதம் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் வாரம் ஒருமுறை, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. கையின் வேர்வை பட்ட இடத்தைத் துடைக்காமல் மூடிவைத்தால் விரல்ரேகை அப்படியே துருவாக எழும்பும்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இரண்டு மூன்று மாதம் மற்ற துப்பாக்கிகளோடு சாய்ந்து கிடக்கும். கொடுப்பதற்கு முதல் நாள் குழலுக்குள்ளும் வெளியேயும் தாராளமாக கிரீஸ் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, எண்ணும் முத்திரையும் தெரிய போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். ரசீதில் எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துவிட்டு வாங்குங்கள். திரும்பி வந்த அன்று இரவே பிரித்து, முதலில் சேம்பரில் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள்.